நிஷாவிடம் நீ சொல்ல வேண்டியது

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். துபாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். குவார்ட்டர்ஸில் இருப்பதே இரண்டு ரூம், என்ன பேசினாலும் உன் தங்கச்சி காதில் விழும், விஷயமே அவளைப் பற்றித்தான். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் அசோக் லீவு முடிந்து துபாய் கிளம்புகிறான், வெள்ளிக்கிழமை உன் கையில் கொடுத்துவிடுவான்.

நிஷா மூன்று வாரம் பள்ளிக்கூடமே போகவில்லை. தினமும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு, அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள். ஆக்னஸ் டீச்சர் போன் செய்து, பிள்ளைக்கு உடம்பு தேவலையா என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரியும். கொரட்டூர் ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்திருக்கிறாள். கணக்கில் ஃபெயில், அதை மறைக்கப் போய் இவ்வளவும். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, உங்க அக்கா ஒருநாளாவது எங்களைத் தலைகுனிய வைத்தாளா என்று கத்திவிட்டேன். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். எப்பப் பாத்தாலும் அக்கா அக்கான்னுகினு, நான் இல்லாம பூட்டா உங்களுக்கு நிம்மதிதானே என்றாள். அன்றிலிருந்து அம்மா அவளைத் தனியாக விடுவதில்லை. டீச்சர் சொன்ன ஆலோசகரிடம் இரண்டு தடவை கூட்டிப் போனோம், அங்கேயும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், இவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

பானு, நீ பிளஸ் ஒன் படித்தபோது மூன்று பாடம் போய், வீட்டுக்கு வரப் பயந்து ஆவடி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தாயே, நினைவிருக்கிறதா? ஷிப்ட் முடிந்து வந்த நான் வடை வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தேன். அம்மாவுக்குக்கூடத் தெரியக்கூடாது என்று அழுதாய், சத்தியம் செய்து கொடுத்தேன், இன்றுவரை காப்பாற்றிவிட்டேன். காப்பாற்றிக் காப்பாற்றி உன்னைத் தப்பே செய்யாத பிள்ளையாக்கி, அதை இவள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறேன். உன்னை அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை, இவளைத் திட்டினேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூப்பிட்டு நீயே அதைச் சொல்லம்மா. நான் சொன்னால் அப்பா கதை விடுகிறார் என்பாள். படிப்பைப் பற்றி மட்டும் கேட்காதே. அம்மா பக்கத்தில்தான் இருப்பாள், பரவாயில்லை, அவளும் கேட்கட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் வாழ வேண்டும். வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு பத்து மணி, நம்மூர் நேரம், மறந்துவிடாதே. அன்று உன்னை எழுப்பிக் கூட்டி வர என்னால் முடிந்தது, இவளுக்கு நீ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெகதீசன்
ஆவடி