வழிவிட்ட கோடாலி

அண்ணே,

நேற்று மலைக்குப் போயிருந்தேன். மியூசியத்துக்குள் கால் வைத்ததும் தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கோடாலிக்கு யாரோ வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தடவுகிறார்கள். துரு ஏறினால் நீங்கள் எழுந்து வந்துவிடுவீர்கள் என்று பயமோ என்னவோ.

நீங்கள் வாட்ச்மேன், நான் சீட்டுக் கிழிப்பவள். கல்வராயன் மலைப்பாதை ஏறி முடிகிற இடத்தில், ஓடு வேய்ந்த அந்த ஒற்றை ஹால்தான் நம் ராஜ்யம். வெள்ளைக்காரப் பட்டாளம் மேலே வராதபடி மலைக்காரர்கள் மரங்களைச் சாய்த்துப் பாதையை மறித்துச் சண்டை போட்ட மேடு வெளியே. மரம் வெட்டிய கோடாலி உள்ளே, கண்ணாடிப் பெட்டியில். யார் விரலாவது கண்ணாடியில் பட்டால் போதும், "தொடாதீங்க" என்று ஒரு அதட்டல் போடுவீர்கள். பெரிய அதிகாரியின் சம்சாரத்தையே அதட்டியவர் நீங்கள். அன்று எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

பிறகு இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் வந்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் லாரிகள் நின்றது நின்றபடி நின்றன. அதில் ஒன்றை ஓட்டிப்போன என் வீட்டுக்காரரும் அங்கேயே மாட்டிக்கொண்டார். எனக்கு நிறைமாதம். நைனார்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லி நீங்கள் நச்சரிக்காத நாள் இல்லை. போகலாம் என்று நினைத்தபோது பஸ் நின்றுவிட்டது.

காலையில் ஹாலைத் திறந்துகொண்டிருக்கும்போதே வலி எடுத்தது. மலையில் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ள குறுக்கால இருக்குது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. இங்க என்னால ஆவாது" என்று கையை விரித்துவிட்டார். ஜீப் கிடைத்தது. ஜீப்காரர்தான் தயங்கி நின்றார்.

"கீழ புளியமரத்த சாச்சி வெச்சிருக்கானுங்கண்ணே. வெட்டிட்டுப் போலாம்னா ஊர்ல ஒரு கோடாலி இல்ல. எல்லாத்தையும் மறியலுக்குத் தூக்கிக்கினு போய்ட்டானுங்க."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். திரும்பி வரும்போது கையில், துண்டில் சுற்றிய கோடாலி. அந்த வலியிலும் நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"அண்ணே, அது வேணாம். உங்க வேல போய்டும்."

"போனா போவுது. நீ கம்முனு மூச்ச வுடு."

கடைசி வளைவில் மரம் கிடந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நீங்கள் முதல் வெட்டு வெட்டியதும் ரோட்டோரம் காவல் இருந்த பையன்கள் ஓடிவந்தார்கள். "யோவ், இன்னா பண்ற? யாருக்காவ மறிச்சிக்கினு இருக்கோம்னு தெரியுமா?" என்று ஒருவன் கோடாலிக் காம்பைப் பிடித்தே விட்டான். இவன் விடாவிட்டால் நானும் பிள்ளையும் இந்த வளைவிலேயே முடிந்தோம் என்று நினைத்தேன்.

நீங்கள் அன்று அதட்டவில்லை. "தெரியும்பா. நம்ம புள்ளைங்க படிக்கணும், வேலைக்குப் போவணும்னு மறிக்கிறீங்க. நான் வாணாங்கல. அந்தப் புள்ள மொதல்ல பொறக்கணுமில்ல?"

அவன் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தான். என் முகம் எப்படி இருந்ததோ, "குடு பெருசு, உனக்குக் கை ஓயும்" என்று கோடாலியை வாங்கி அவனே வெட்டினான். மற்றவர்கள் கிளையை இழுத்துப் போட்டார்கள். கடைசி வெட்டு அடியில் கிடந்த கருங்கல்லில் பட்டு, கோடாலி வாயில் சில்லு தெறித்து ஒரு பல் விழுந்தது. அந்த இடத்தை நீங்கள் கட்டைவிரலால் தடவியதைப் பார்த்தேன். ஜீப் நுழைகிற அளவு வழி கிடைத்ததும் எங்களை அனுப்பிவிட்டு, மியூசியம் திறந்து கிடக்கிறதே என்று கோடாலியோடு நடந்தே மலையேறினீர்கள்.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் கடலூரிலிருந்து அதிகாரி பார்வையிட வந்தார். கண்ணாடிக்குமேல் குனிந்து, "இந்தப் பல் எப்படி விழுந்துச்சு?" என்றார்.

"சண்டையிலங்க" என்றீர்கள்.

எந்தச் சண்டை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள், உங்களுக்குப் பொய் வராது. அவர் பயபக்தியோடு பார்த்துவிட்டு, 'போரில் சேதமடைந்தது' என்று எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அட்டை இன்னும் இருக்கிறது.

மறியலில் கேட்டதில் ஒரு பங்கு பிறகு கிடைத்தது. அந்தப் பங்கில்தான் என் மகளுக்குக் காலேஜில் இடம் வந்தது. இப்போது டீச்சர். நேற்று தன் வகுப்புப் பிள்ளைகளை அவள்தான் மியூசியத்துக்குக் கூட்டிப் போனாள், நானும் ஒட்டிக்கொண்டேன். ஒரு சிறுமி அட்டையைப் படித்துவிட்டு, "எந்தப் போர்ல மிஸ்?" என்றாள்.

மகள் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இதுக்கு ரெண்டு போர். பல்லு விழுந்தது ரெண்டாவதுல."

"அதுல யாரு மிஸ் ஜெயிச்சாங்க?"

கதை முழுக்கத் தெரிந்தவள்தான். இருந்தும் ஒருமுறை குனிந்து அந்தப் பல்லைப் பார்த்தாள். "நான்" என்றாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது, அண்ணே. நீங்கள் இல்லையே என்று இருந்தது. என்னையறியாமல் கண்ணாடியில் கை வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

"தொடாதீங்கம்மா" என்றார் புது வாட்ச்மேன்.

கையை எடுத்துக்கொண்டேன்.