சேர்க்கிற எட்டு வார்த்தை

ஐப்பசி 5, திங்கள்
தூறல். பறித்த கடலை காயவில்லை. சாயந்திரம் நூலகத்தில் வகுப்பு. தமிழ் முடிந்து இப்போது இங்கிலீஷ், மூன்றாம் மாதம். இன்று டீச்சரம்மா கொடுத்தது, ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கிற வார்த்தைகள். ஆட். அண்ட். ப்ளஸ். ஆல்சோ. வித். எக்ஸ்ட்ரா. அடிஷனல். இன்க்ளூடிங். எழுபது வயதில் ஒரே நாளில் எட்டு. கடைசி வார்த்தை எழுத மட்டும் அரை மணி. கை வலி. சந்தோஷமான வலி.

ஐப்பசி 6, செவ்வாய்
செய்யூர் போனேன், மாத்திரை வாங்க. கடைத்தெரு முழுக்க என் எட்டு பேர். பிஸ்கட்டில் எக்ஸ்ட்ரா. சோப்பில் ப்ளஸ். ஜவுளிக்கடைப் பலகையில் அண்ட். வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் தள்ளிப் போய் நின்றாள்.

ஒன்று கவனித்தேன். இவற்றுக்குப் பின்னால் வருவதை நாம் கேட்டிருக்கவே மாட்டோம். தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

வீட்டில் மகன் குமார். சவுக்குத் தோப்பை நாவலூர்க்காரர் ஒருவர் குத்தகைக்குக் கேட்கிறார், மகாபலிபுரம் வருகிறவர்கள் தங்க அறை கட்ட. நானும் சரி என்றிருந்தேன். பத்திரம் இங்கிலீஷில், ஆறு பக்கம். வெள்ளிக்கிழமை கையெழுத்து. குமார் சட்டைப்பையில் கைநாட்டு மைப்பெட்டி.

எனக்குக் கையெழுத்து வரும், அவனுக்குத் தெரியும். பிறகு மைப்பெட்டி எதற்கு?

ஐப்பசி 7, புதன்
மழை. பத்திரத்தை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். எத்தனையோ காகிதத்தில் ரேகை வைத்திருக்கிறேன். ஒன்றையும் யாரும் படித்துக் காட்டியதில்லை. விரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

ஆறு பக்கமும் படிக்க என்னால் ஆகாது. எட்டு பேரை மட்டும் தேடினேன். அண்ட் நிறைய. வித் நாலு. நாலாம் பக்கம், இன்க்ளூடிங். அதை அடுத்து வந்ததை விரல் வைத்து எழுத்துக்கூட்டினேன். முதல் பாடத்தில் படத்தோடு வந்த வார்த்தை, வெல். கிணறு.

தோப்போரக் கிணறு. என் தங்கை கன்னியம்மாவுக்குக் குடிதண்ணீர் அதுதான், புருஷன் போன இருபது வருஷமாக. தெருக்குழாயில் வருவது உப்பு.



ஐப்பசி 8, வியாழன்
குமாரைக் கூப்பிட்டேன்.

"நாலாம் பக்கத்துல இன்னாடா கீது?"

"வழக்கமா போடறதுதான் நைனா."

விரல் வைத்துக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தான். முன்பே தெரியுமா அவனுக்கு, இப்போதுதான் பார்க்கிறானா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அத்தைக்குக் குழாய் போட்டுத் தருவாங்க என்றான். அது எந்தப் பக்கத்தில் என்று கேட்டேன்.

வாசல் வழியே தண்ணீர் எடுத்துப் போன கன்னியம்மா காதில் எல்லாம் விழுந்துவிட்டது.

"இன்னாண்ணா, இந்த வயசுல புள்ளைக்கே பரீட்சை வெக்கிறியா?"

சிரித்தாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

ஐப்பசி 9, வெள்ளி
வெயில். கடலை காய்கிறது. விடிந்ததும் டீச்சரம்மா வீட்டுக்குப் போய், சேர்ந்ததை எடுக்கவும் வார்த்தை உண்டா என்று கேட்டேன். திங்கள் பாடமே அதுதானாம். இப்போதே சொல்கிறேன் என்றார். வேண்டாம், வரிசையாகத்தான் படிப்பேன் என்று வந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு வாசலில் நாவலூர்க்காரர் கார். குமார் மைப்பெட்டியைத் திறந்தான். மூடு என்றேன்.

"எப்பதான் போடுவே நைனா?"

"திங்கக்கெழம பாடம் முடியட்டும். கெணத்த வெளிய எடுக்கற வார்த்தைய என் கையால எழுதிட்டுப் போடறேன்."

கார் திரும்பிப் போயிற்று. தோப்பில் கன்னியம்மா வாளி இறக்கும் சத்தம்.