இரண்டு மடங்கு வேகத்தில் அண்ணன்

மார்ச் 4
அண்ணன் பைக் ஓட்டினால் பின்னால் வரும் ஆமை ஹாரன் அடிக்கும். கிளினிக்குகளிலிருந்து ரத்தக் குப்பிகளைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகிற வேலை. நாற்பதைத் தாண்ட மாட்டான். இன்று அவன் ஹெல்மெட்டின் தாடையில் என் கேமராவை ஒட்டி அனுப்பினேன். மாலையில் போட்டுப் பார்த்தால் மூன்று மணி நேரக் கொட்டாவி. ஒரு சைக்கிள்காரர் மணியடித்து முந்திப் போகிறார்!

மார்ச் 5
ஆளில்லாத சாலைத் துண்டுகளை மட்டும் வெட்டியெடுத்து, வேகத்தை இரட்டிப்பாக்கினேன். மீட்டர் முள் காட்டிக்கொடுக்கும் என்று அதன்மேல் ஒரு தீப்பிழம்புப் படம். 'ராக்கெட் அண்ணன்' என்று சேனலில் ஏற்றியாயிற்று. குறும்படம் அல்ல, குறும்புப்படம். அண்ணனுக்குத் தெரியாது.

மார்ச் 9
பதினோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். "உங்க அண்ணன் மனுஷனா மின்னலா?" என்று ஒருவர். மின்னல் அப்போது பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டது.
கார்டில் இடமில்லை. ஒரிஜினல்களை அழித்தேன்.

மார்ச் 12
அண்ணன் மதியமே வந்துவிட்டான். மேலாளர் வீடியோவைப் பார்த்திருக்கிறார்; நிறுவன ஜாக்கெட்டின் கையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். இப்படிக் குலுக்கினால் ரத்தம் கெட்டுவிடும், திங்கட்கிழமை வண்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போ என்றாராம்.
"நான் வேகமாவே ஓட்டலம்மா."
"அப்ப வீடியோல இருக்கறது யாருடா?"
நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் பூரா ஓயாத வாய் இது. அப்ப மட்டும் ஏன் தொறக்கல?

மார்ச் 13
சொல்லிட்டேன். அண்ணன் திட்டவில்லை — அதான் பயமா இருக்கு. "ஒரிஜினல் எங்கே?" என்று மட்டும் கேட்டான். அழிச்சுட்டேன் என்றதும் எழுந்து போய்விட்டான்.
"அண்ணனுக்காகத் தங்கச்சி பொய் சொல்றான்னுதானே நெனைப்பாங்க?" என்றாள் அம்மா.
வீடியோவை இருபது தடவை ஓட்டினேன். ஓரிடத்தில் அண்ணன் இண்டிகேட்டர் போடுகிறான். வளைவுக்கு அரை நிமிடம் முன்பே போடுகிற ஆள். தீப்பிழம்புக்கு ஓரமாக, மீட்டரில் இண்டிகேட்டரின் பச்சை விளக்கு பேய் பிடித்ததுபோல் துடிக்கிறது. கீழே ஓடி, நிற்கிற வண்டியில் போட்டு எண்ணினேன். பத்து நொடிக்குப் பதினான்கு. வீடியோவில் இருபத்தெட்டு.

மார்ச் 14
மேலாளர் அறை. "எண்ணுங்க சார்" என்று போனை நீட்டினேன். எண்ணினார். வெளியே அண்ணன் வண்டியில் இண்டிகேட்டர் போட்டான். ஜன்னல் வழியே அதையும் எண்ணினார்.
"வண்டியோட விளக்கையும் சேத்து ஓட விட்டுட்டேன் சார்." சிரிப்பார் என்று நினைத்தேன்.
"விளையாட அவன் வேலைதான் கெடச்சுதா உனக்கு?" என்றார். "இதையே உன் சேனல்ல, மூஞ்சியக் காட்டிச் சொல்லு. அப்புறம் சாவியப் பத்திப் பேசலாம்."

மார்ச் 15
சொன்னேன். நாற்பது நொடி, வெட்டு இல்லை. 'ஏமாத்துக்காரி' என்று இதுவரை அறுபத்திரண்டு பேர்.

மார்ச் 16
திங்கட்கிழமை. அண்ணன் நீட்டிய சாவியை மேலாளர் வாங்கிக்கொள்ளவில்லை, வேலையைப் பார் என்றாராம். அண்ணன் என்னிடம் பேசவில்லை.

மார்ச் 21
அண்ணன் வேலை முடிந்து வந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே சுவரிடம் சொல்வதுபோல் சொன்னான்: "ரயில்வே கேட்டுல இன்னைக்கு இருபது நிமிஷம் நின்னேன். நீ பாத்தா அதையும் வெட்டியிருப்பே."
எட்டு நாளில் முதல் பேச்சு.
"மாட்டேண்ணா."
"பொய் சொல்லாத, வாலு."