நான்கு மணிச் சேவல்

மார்ச் 4, புதன்

காவல் நிலையத்துக்குக் கன்ஸு அணிந்து போனேன். கணுக்கால்வரை தொங்கும் அந்த வெள்ளை அங்கி சாவுக்கும் கல்யாணத்துக்கும் உரியது. வேறென்ன செய்ய? திருடன் எனக்கு ஒரு கால்சட்டைகூட விட்டுவைக்கவில்லை. மனைவி நப்போசாவின் சித்தப்பாவை அடக்கம் செய்துவிட்டு நேற்று எங்கள் ஊரான மசாக்காவுக்குத் திரும்பினோம். வீடு துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. தொலைக்காட்சி, மெத்தை, இஸ்திரிப் பெட்டி, மகள் பிராஸியின் பள்ளிக் காலணி, சுவர்க் கடிகாரம் எல்லாம் போயிற்று.

புகார் எழுதிய போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு கேட்டு வந்தீங்களா ஐயா? இது ஸ்டேஷன்."

பெஞ்சில் விலங்கோடு உட்கார்ந்திருந்தவன்கூடச் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

நப்போசா பின்ஜன்னல் கம்பியைக் காட்டினாள். வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. "ஏன் பிராஸியப்பா, திருடன் உள்ளேருந்தா வந்தான்?"

சாவுக்குப் போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். கொடுக்காமல் போனால்தான் அவமரியாதை. நாங்கள் டும்பாவிடம் கொடுத்தோம். பிராஸி பிறப்பதற்கு முன்பிருந்தே பக்கத்து வீட்டுக்காரன். சாவியைத் திருப்பித் தந்தபோது என்னைவிட அவன்தான் அதிகம் அங்கலாய்த்தான். "விடக்கூடாதுண்ணே. கண்டுபிடிச்சுக் கொளுத்தணும்."

கொளுத்தணும் என்றான்.

மார்ச் 8, ஞாயிறு

வாழைக்காய் மசியலும் நிலக்கடலைக் குழம்பும். தாமதமாகத்தான் சாப்பிட உட்கார்ந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் சேவல் கூவியது, சாயங்காலம் நான்கு மணிக்கு.

விடியலில் சேவல்போல் கூவி எழுப்பும் என்று சொல்லித்தான் கடைக்காரன் திருடுபோன அந்தச் சுவர்க் கடிகாரத்தை என் தலையில் கட்டினான். நான் எப்படித் திருகினாலும் அது சாயங்காலம்தான் கூவும். வீட்டில் என் மூளைக்கு உவமையே அந்தச் சேவல்தான்.

பிராஸி நிமிர்ந்தாள். "அப்பா, இது நம்ம—"

"சாப்பிடு."

டும்பா வீட்டில் கோழியே கிடையாது. கூவல் பாதியில் நின்றது, யாரோ தலையணையால் அமுக்கியதுபோல.

மார்ச் 9, திங்கள்

இன்றும் கூவியது. நப்போசாவுக்குக் கேட்கவில்லையாம்.

மார்ச் 10, செவ்வாய்

கிராமக் குழுத் தலைவர் கட்டேண்டேயிடம் தனியாகச் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"திருட்டு வழக்கை விசாரிக்க நம்ம குழுவுக்கு அதிகாரமில்லப்பா. போலீசுக்குப் போ. ஆனா தெருவுல அவன் பேரை மட்டும் சத்தமா சொல்லிடாத. முனையில பாத்தேல்ல?"

தினமும்தான் பார்க்கிறேன். தெருமுனையில் செம்மண்மேல் ஒரு கரிய வட்டம். போன மழைக்காலத்தில் யாரோ ஒரு பையனைக் காட்டி "திருடன்!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான். டயர் எங்கிருந்து வந்தது, தீக்குச்சி யாருடையது, அந்தப் பையன் என்னதான் திருடினான்—இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. காப்பி ஆலைக்கு வேலைக்குப் போகும்போது மிதிவண்டியை அந்த வட்டத்தைச் சுற்றித்தான் ஓட்டுகிறேன். எல்லோரும் அப்படித்தான். மழை பெய்தும் அது போகவில்லை.

மார்ச் 12, வியாழன்

இலவசச் சட்ட உதவி மையம். வக்கீல் அகெல்லோ, சின்னப் பெண். பொறுமையாகக் கேட்டாள்.

"கம்பி வளைஞ்சதையும் சேவல் சத்தத்தையும் போலீசுல சொல்லுங்க ஐயா. உத்தரவு வாங்கி அவங்க தேடட்டும். பொருள் கிடைச்சா அரசாங்கமே வழக்கு நடத்தும். கிடைக்காததுக்கு நஷ்டஈடு கேட்டு நீங்க தனியா வழக்குப் போடலாம். ரெண்டு பேரும் பேசிச் சமாதானமா எழுதிக்கறதும் ஒரு வழிதான். ஆனா வழக்குன்னு ஆயிட்டா, நீங்க வேண்டாம்னதும் நின்னுடாது."

"நானே சுவரேறிக் குதிச்சு எடுத்துட்டு வந்துட்டா?"

"அப்ப உங்க மேலதான் வழக்கு வரும்." என் வயிற்றைப் பார்த்தாள். "ஏறிட மாட்டீங்க."

வரும் வழியெல்லாம் சிரித்தேன். தெருமுனை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 14, சனி

நேற்று ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சொன்னேன். இன்று டும்பா வீட்டைத் தேடப் போலீஸ் வந்தது. பின்னாலேயே தெருவும் வந்தது.

"யாரு? இவனா? உன் வாயால சொல்லு பிராஸியப்பா!" ஒருவன் கையில் அதற்குள் கல். டும்பா வாசலில் நின்றான், உதடெல்லாம் வெளிறி. அவனுடைய இரட்டைப் பிள்ளைகள் ஆளுக்கொரு காலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். தெருவே என் வாயைப் பார்த்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே சேவல் கூவியது.

"இது எந்த ஊர்ச் சேவல்யா, பொழுது சாயறப்ப கூவுது?" என்றார் போலீஸ்காரர். கூட்டம் சிரித்துவிட்டது, கல் வைத்திருந்தவன்கூட. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டும்பாவை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கடிகாரம், இஸ்திரிப் பெட்டி, என் கால்சட்டைகள் கிடைத்தன. மற்றது விற்றாகிவிட்டது.

எல்லோரும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

மார்ச் 23, திங்கள்

கடிகாரம் சாட்சிப் பொருளாக ஸ்டேஷன் அலமாரியில் இருக்கிறது. ஆனாலும் நான்கு மணிக்குச் சுவருக்கு அப்பால் கூவுகிறது. நான் கூடத்தில் அசையாமல் நிற்கிறேன். எனக்கு மட்டும் ஏன் கேட்கிறது?

ஏப்ரல் 9, வியாழன்

டும்பாவின் மனைவி பிள்ளைகளோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊரே மரியாதையாக 'நலோங்கோ' என்றழைக்கும். இப்போது யாரும் அழைப்பதில்லை.

"வா நலோங்கோ," என்றாள் நப்போசா.

"மாமியார் போயிட்டாங்க. அவரை ஜெயில்லருந்து விட மாட்டாங்களாம். நான்தான் புள்ளைங்களோட போய் மண்ணு போடணும்." சாவியை என்னிடம் நீட்டினாள்.

"என்கிட்டயா?"

"வேற யார்கிட்ட? அன்னைக்கு அத்தனை பேர் கேட்டும் உங்க வாயிலேருந்து அந்த ஒரு வார்த்தை வரல. வந்திருந்தா இதுங்களுக்கு அப்பன் இல்ல. உங்க மனசு யாருக்கு வரும் அண்ணே?"

சாவி சூடாக இருந்தது. பிடித்துக்கொண்டே வந்திருப்பாள். வாங்கிக்கொண்டேன். "பாத்துப் போயிட்டு வாம்மா" என்றேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை: அன்று நான் வாயைத் திறந்துவிட்டேன். அந்த வார்த்தை நாக்கில் வந்து நின்றது. சேவல் முந்திக்கொண்டது.