வேரா அழுத பாட்டு

முருகன் துணை

தியாகராய நகர்,
5-11-74

அன்புள்ள மகன் கனகராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை சரோஜாவும் உடம்பளவில் சுகம். நீயும் வேராவும் லெனின்கிராட் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. மனதளவில் இந்த வீட்டில் ஒருவரும் சுகமாக இல்லை, அதில் உன் பங்கும் பாதி இருக்கிறது, அதனால் உட்கார்ந்து நிதானமாகப் படி. தை மாதம் சரோஜா கல்யாணத்துக்கு நீ மட்டும் தனியாக வர வேண்டும், வேராவை அழைத்து வரக் கூடாது என்று உனக்கு எழுதச் சொல்லி உன் அப்பா உத்தரவு போட்டிருக்கிறார். அவர் சொன்னதை எழுதிவிட்டேன். இனி வருவதெல்லாம் நான் சொல்வது.

முதலில் உன்னைத்தான் கேட்க வேண்டும். உன்னோடு படிக்கிற ரகுபதி லீவுக்கு ஊர் வந்தபோது அவன் கையில் அந்த டேப் சுருளைக் கொடுத்தனுப்பினாயே, டப்பாவின் மேல் நாலு வரி எழுத உனக்குக் கை வலித்ததா? உங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள் வேராவும் அவள் கோஷ்டியும் பாடியது, விவரமெல்லாம் தபாலில் வருகிறது என்று மட்டும் அவன் சொல்லிவிட்டுப் போனான். டேப் வந்தது வியாழக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை சரோஜாவுக்கு நிச்சயதாம்பூலம். நகைக்கடை வைரவன் அண்ணாச்சி வீட்டிலிருந்து இருபத்திரண்டு பேர் வருகிறார்கள். மருமகள் வெள்ளைக்காரி என்று அவர்கள் ஆரம்பத்திலேயே முகம் சுளித்தது உனக்குத் தெரியும். அதனால் உன் அப்பாவுக்கு ஒரு யோசனை. நம் மருமகள் லேசுப்பட்டவள் இல்லை, வடக்கே கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுச் சேர்த்துக்கொண்டு வந்து பட்டணத்தில் கிதாரோடு பாடி நாலு பேர் மெச்ச வாழ்கிறாள் என்று சம்பந்திக்குக் காட்ட வேண்டுமாம். பாண்டி பஜாரில் ரேடியோக் கடை வைத்திருக்கும் ஹபீபுர் ரஹ்மான் பாயை டேப் ரெக்கார்டரோடு வரச் சொன்னார். முன்கூட்டியே முழுவதும் கேட்டுவிடுவோம் என்று நான் சொன்னேன். முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, பிரமாதம், மிச்சத்தை எல்லாரும் சேர்ந்து கேட்கலாம் என்று நிறுத்திவிட்டார். இருபத்தைந்து வருஷமாகப் பாத்திரக் கடை நடத்துகிற மனுஷர், தட்டிப் பார்க்காமல் ஒரு சொம்பு வாங்குவாரா? இதற்கு மட்டும் அவசரம்.

முதல் பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். கிதார், கைதட்டல், நடுவே உன் கஞ்சிரா. அபிராமபுரத்துச் சந்திரமௌலி வாத்தியார் வீட்டில் நீ தட்டிப் பழகியது அந்த ஊர்ப் பாட்டுக்கு இப்படிப் பொருந்தும் என்று நான் நினைத்ததே இல்லை. பெண்கள் நாலு பேர் ஒரே குரலில் சேராமல், பக்கத்துப் பக்கத்துக் குரலில் உரசிக்கொண்டே பாடினார்கள். காதுக்குப் புதிதுதான், ஆனாலும் காலை ஆட்ட வைத்தது. வைரவன் அண்ணாச்சியே தொடையில் தாளம் போட்டார். அந்தச் சந்தோஷத்தில் தட்டை மாற்றிவிடலாம் என்று எல்லாரும் எழுந்தார்கள், பாட்டு ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று உன் அப்பா பாய்க்குச் சைகை காட்டினார். இரண்டாவது பாட்டு வந்தது. கிதாரும் இல்லை, தாளமும் இல்லை, வேரா ஒருத்தி குரல்தான். மேலே எடுத்துக் கீழே இறங்கி, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் விழுங்கிவிட்டு விம்முகிறாள். பின்னாலேயே மற்றப் பெண்களும் விம்முகிறார்கள்.

அண்ணாச்சியின் அக்கா பேச்சியம்மாள் மதினியை உனக்குத் தெரியாது. அவர்கள் ஊர்ப்பக்கம் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரி எடுத்துக் கொடுக்க வண்டி கட்டி வந்து இவரைத்தான் அழைத்துப் போவார்களாம். இரண்டாவது வரி முடியவில்லை, ஏ நிப்பாட்டுங்க, இது இழவுப் பாட்டுல்லா, நல்ல காரியத்துல யாருக்கு ஒப்பாரி வைக்கிய என்று போட்டார் ஒரு சத்தம். பாய் வெலவெலத்துப் போய், இன்னா சார் இது, நீங்க குட்த்த டேப்பைத்தானே போட்டேன் என்று பட்டனைத் தேடுவதற்குள் வேரா இன்னும் இரண்டு தடவை விம்மிவிட்டாள். அவ்வளவுதான். எடுத்த தட்டைக் கீழே வைத்துவிட்டு இருபத்திரண்டு பேரும் செருப்பைத் தேடினார்கள். ஒருவர்கூடக் கை நனைக்கவில்லை. சரோஜா பட்டுப் புடவையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த அந்த நிமிஷம் நீ மட்டும் எதிரில் இருந்திருந்தால், கல்யாணம் ஆனவன் என்றும் பார்க்காமல் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

உன் கடிதம் அதற்கு ஒன்பது நாள் கழித்துச் சாவகாசமாக வந்தது. வேராவின் அம்மா பிறந்த வடகடல் ஓரத்துக் கிராமத்தில் கல்யாணப் பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகுமுன் அப்படிப் பாடி அழுதே தீர வேண்டும், அன்றைக்கு அழாதவள் ஆயுசு முழுவதும் அழுவாள் என்று அவர்களுக்கு நம்பிக்கை, வேராவின் கோஷ்டி அதை மேடையில் பாடுவது வழக்கம், ஆனால் அன்று அவள் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள் என்று எழுதியிருக்கிறாய். அது கல்யாணப் பாட்டேதான்! இதை அல்லவா டப்பா மேல் எழுதியிருக்க வேண்டும்? உனக்கு அது தினம் கேட்கிற பாட்டு, நாங்களும் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொள்வோம் என்று நினைத்துவிட்டாய். படித்த பிள்ளையின் லட்சணம்.

இதைவிடப் பெரிய அநியாயம் இனிமேல்தான். போன வியாழக்கிழமை பேச்சியம்மாள் மதினி தனியாக ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். அன்றைக்குக் குடையை இங்கே விட்டுவிட்டேன் என்றார். அவர் குடையே கொண்டு வரவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் தேடுகிற மாதிரி தேடினேன். பிறகு மெல்ல, அந்தப் பெட்டி இன்னும் இங்ஙனதான் இருக்கா என்று கேட்டார். பாய் அதைத் திரும்ப எடுத்துப் போக இந்தப் பக்கமே வரவில்லை, சரோஜா அதைப் போட்டுப் போட்டு இயக்கத் தெரிந்துகொண்டாள். மூன்று தடவை போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். வரிக் கடைசிய முழுங்குதா பாரு, நாங்களும் இப்படித்தான், அப்பத்தான் அடுத்த வரிக்கு மூச்சு மிஞ்சும் என்றார். அந்தப் பிள்ளை எதுக்கு அழுதா என்று கேட்டார். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படி அழுதார். என்னைய பதிமூணு வயசுல கட்டிக்குடுத்து வண்டில ஏத்துனாவ, அழுதா முதுகுல வைப்பேன்னு எங்கய்யா சொல்லிட்டாரு, ஊரு இழவுக்கெல்லாம் அழுதேன், எனக்குன்னு ஒருநாள் அழுததில்ல என்றார். எனக்கும் மனசு இளகிவிட்டது. இட்லி வைத்தேன், காப்பி கொடுத்தேன், வாசல் வரை போய் ரிக்‌ஷா பிடித்துக் கொடுத்தேன். நாம் சொன்னால் சாக்கு என்பார்கள், இவரே போய்த் தம்பியிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

ஒரு வார்த்தை சொன்னாரா? மூச்சு விடவில்லை. முந்தாநாள் வைரவன் அண்ணாச்சி நம் கடைக்கு வந்து, எங்க அக்காவே அது அபசகுனம்னுட்டாவ, அந்த வெளிநாட்டுப் பிள்ளை பந்தல்ல காலெடுத்து வைக்கக் கூடாது, இதுக்குச் சம்மதம்னா தையில முடிச்சிருவோம் என்று சொல்லியிருக்கிறார். உன் அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். பெண்ணைப் பெற்றவன் வேறு என்ன செய்ய என்கிறார். பெற்றது நான், எனக்கு இந்தக் கேள்வி எழவே இல்லை! மாப்பிள்ளைப் பையன் என்ன சொன்னான் என்று கேட்டேன், அவன் பக்கத்தில்தான் நின்றானாம், ஒன்றும் சொல்லவில்லையாம். வாயில் என்ன கொழுக்கட்டையா? சரோஜாவுக்கு அவனைப் பிடித்திருக்கிறது, எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் அவள், அண்ணி நிக்கக் கூடாத பந்தல்ல நான் உக்கார மாட்டேன், அவங்க வேற பொண்ணு பாத்துக்கட்டும் என்று அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தவள் இன்றைக்கு மத்தியானம்தான் ஒரு வாய் சாப்பிட்டாள்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தை முதலில் தபால் பெட்டியில் போடுவேன், அப்போதுதான் யார் தடுத்தாலும் அது உன்னிடம் வந்து சேரும். அங்கிருந்து நேராக வைரவன் அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறேன். மதினியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை நடந்ததை நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்கப் போகிறேன். என் மருமகள் முதல் வரிசையில் நிற்பாள், சம்மதம் என்றால் தட்டை மாற்றுவோம், இல்லை என்றால் சரோஜாவின் வார்த்தைதான் என் வார்த்தையும். பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இதனால் அவளுக்கு அமைந்த நல்ல இடம் தட்டிப்போனால் அந்தப் பாரம் என் தலையில்தான்.

மதினி மேல் ஏன் இத்தனை கோபம் என்று நேற்று அரிசி களையும்போது யோசித்துப் பார்த்தேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மீனம்பாக்கத்தில் நீ விமானம் ஏறிய அன்று, புறப்படுகிறவன் முன்னால் கண்ணீர் விடக் கூடாது என்று உன் அப்பா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கையாட்டினேன். வீட்டுக்கு வந்தும் அழவில்லை, யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று. அவரைப் போல நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தவள்தான்.

வேரா அங்கிருந்து கிளம்ப அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும் என்று முன்பு எழுதியிருந்தாய். நாளையே மனுப் போடு, தள்ளிப் போடாதே. தலைக்கு எண்ணெய் வை. வேராவின் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல், மகளை நான் பார்த்துக்கொள்வேன் என்று சொல். நீங்கள் இரண்டு பேரும் நீடூழி வாழத் திருச்செந்தூரான் அருள் புரிவான். தனியாக வந்து நிற்காதே, கதவைத் திறக்க மாட்டேன். சரோஜா எந்த வீட்டுக்குப் போனாலும், அவள் கிளம்புகிற அன்று சபை நடுவில் நான் வாய்விட்டு அழப் போகிறேன். எனக்கு அது பழக்கமில்லை. பக்கத்தில் நின்று முதல் வரியை எடுத்துக் கொடுக்க என் மருமகள் வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
ந. சண்முகவடிவு