முழுப் பேர்

2024 ஆகஸ்ட் 27, செவ்வாய்

பெரஹரா ஊர்வலங்கள் முடிந்து ஒரு வாரமாகியும் கண்டி நகரத்துக்குக் களைப்பு தீரவில்லை. எனக்கும்தான். காலையிலிருந்து கம்பனியின் ஆண்டறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். "வரலாறு காணாத இலாபம்" என்று எழுதினேன். மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. "இதுவரை இல்லாத இலாபம்" என்று மாற்றினேன். எப்படி எழுதினாலும் தொகை அதேதான், வாசித்தால் மூச்சு வாங்குகிறது.

சேர்மனின் செய்தியில் எங்கு பார்த்தாலும் ‘குடும்பம்’. கெலிஓயா பெக்டரியில் தேயிலைப் பெட்டி கட்டுகிற பெண்கள் எல்லாரும் அவருடைய குடும்பமாம். அந்தக் குடும்பத்துக்கு இந்த இலாபத்தில் என்ன வரும் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். கடைசிப் பக்கத்தில் நன்றி வந்திருந்தது.

2024 செப்டம்பர் 10, செவ்வாய்

இந்த மாதம் சேர்மன் வருகிறாராம், அதற்கு முன் கெலிஓயா பெக்டரியை ஒரு தடவை பார்த்து வரச் சொன்னார்கள். சேர்மன் வரும் நாட்களில் அங்கே மொழிபெயர்ப்பது பவாஸ். அவருக்கு மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்துவிட்டது. இந்தத் தடவை நான்தான். இத்தனை வருடமும் கண்டி ஒபிஸில் உட்கார்ந்து ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்தவள் நான், பெக்டரிக்குள் கால் வைத்ததே இன்றுதான்.

பகல் சாப்பாட்டு நேரம் கஜலட்சுமி என்ற பெண் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கித் தந்தாள். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருகிறாள். கணவர் பழனியாண்டி இடுப்பு அடிபட்டு வீட்டோடு இருக்கிறார். மகள் நிலூஷா உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு. அந்தத் தோட்டத்தில் விஞ்ஞானம் எடுத்த முதல் பிள்ளை.

"டியூசனுக்கும் பஸ்ஸுக்குமே சரியாப் போயிருது மிஸ். தை மாசம் வரைக்கும் இழுத்துப் பாப்பேன். அதுக்குள்ள சம்பளம் கூடலன்னா அவளையும் இங்கதான் கூட்டிக்கிட்டு வரணும்."

சொல்லிவிட்டுத் தன் சோற்றிலிருந்து கருவாட்டுத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். சேர்மன் வருகிற அன்று இதையே கேளுங்கள் என்றேன். "நான் வார்த்தைக்கு வார்த்தை சொல்லித் தாறேன்" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

2024 செப்டம்பர் 14, சனி

என் கணவர் ஹுஸைனுக்கும் எனக்கும் வாய்ச்சண்டை. கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம், இவ்வளவு இலாபம் வருகிற கம்பனி அந்தப் பெண்களுக்குக் கூட்டிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"லாவம் வந்தா கூட்டிக் குடுக்கணுமெண்டா, நட்டம் வந்தா கொறக்கலாமா? எனக்குக் கடையில நட்டம் வந்தா ஆரு தாரது?"

எங்கள் மடவளையில் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொருளாதார நெருக்கடி வருடத்தில் அந்தப் பெண்களுக்குச் சம்பளத்தைக் குறைத்தார்களே, போனஸையும் வெட்டினார்களே, நட்டத்தில் பங்கு கொடுத்தவர்களுக்கு இலாபத்தில் பங்கில்லையா என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நீ சொல்லுறது சரிதான். சரியெண்டு கண்டு சம்பளம் கூட்டின ஆளத்தான் நான் இன்னம் காணல்ல."

எழுந்து தட்டைக் கழுவப் போனேன்.

2024 செப்டம்பர் 26, வியாழன்

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று நினைக்கிறேன்.

சேர்மன் வந்தார். அவருக்கு அவசரம். பெண்களில் ஒருவர் மட்டும் பேசலாம், சுருக்கமாகப் பேச வேண்டும் என்றார்கள். எல்லாரும் கஜலட்சுமியை முன்னுக்குத் தள்ளினார்கள். சுப்பவைசர் கை கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். சம்பளம் கேட்கப் போகிறாள், அதை ஆங்கிலத்தில் எப்படிக் கூர்மையாகச் சொல்வது என்று மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் கேட்டது வேறு.

"சேர், எங்களுக்கு அரைப் பேருதான் போடுறாங்க. என்னா பாடுபட்டாலும் அரைப் பேரு. எங்களுக்கு முழுப் பேரு வேணும். முழுப் பேரு கெடச்சா எம் மகள நா படிக்க வச்சிருவேன்."

ஒரு கணம் திகைத்துப்போனேன். பேருக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? பிறகு புரிந்தது. அங்கே யாரும் அவளைக் கஜலட்சுமி என்று கூப்பிட்டதே இல்லை. ‘கஜா’ என்பார்கள், இல்லாவிட்டால் மேசை இலக்கம். பாதிப் பெயரோடு வாழ்கிற தாய் மகளுக்கு முன்னால் எப்படி நிமிர்ந்து நிற்பாள்? அதைத்தான் சொன்னேன். என்னுடைய ஆங்கிலம் இன்று எனக்கே பிடித்திருந்தது. "இவர்களுடைய பெயரைப் பாதியாக்கிவிட்டோம், முழுப் பெயரையும் திருப்பித் தாருங்கள் என்கிறார்கள்" என்று முடித்தேன்.

சேர்மன் கஜலட்சுமியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நிச்சயம் தருவோம் என்று கை கொடுத்தார். அதைத் தமிழில் சொன்னதும் பெண்கள் கை தட்டினார்கள், ஒருத்தி அழுதாள்.

பணம் கேட்கலாம் என்று இருந்தும் மரியாதையைக் கேட்டாளே! நானாக இருந்தால் கேட்டிருப்பேனா?

2024 செப்டம்பர் 27, வெள்ளி

மெனேஜர் போனில் பாராட்டினார். சேர்மனுக்கு என் மொழிபெயர்ப்பு ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

2024 ஒக்டோபர் 29, செவ்வாய்

எழுதவே கூசுகிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நாளை மறுநாள் தீபாவளி. பெக்டரியில் விழா வைத்தார்கள். சேர்மனின் பரிசு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே சட்டையில் குத்துகிற பெயர் அட்டை. பொன் நிற எழுத்து, மூன்று மொழியிலும் முழுப் பெயர். எழுத்துப் பிழை வரக் கூடாது என்று தமிழை நான்தான் திருத்திக் கொடுத்திருந்தேன். அவ்வளவு சந்தோசமாகத் திருத்தினேன்.

பெட்டியைத் திறந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒருத்தி பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். பிறகு ஒரு மூலையில் சிரிப்பு தொடங்கியது. மேசைக்கு மேசை பரவியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போட்டோ எடுக்க வந்தவர் நல்ல சந்தர்ப்பம் என்று எடுத்துத் தள்ளினார். நானும் சிரித்தேன், பைத்தியக்காரி மாதிரி, என்னவென்று தெரியாமலே.

கஜலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. வெளியே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றாள். ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டேன்.

"மிஸ் கோவிச்சுக்காதீங்க. பேருன்னா எங்களுக்குச் சம்பளம். தோட்டத்துல கொழுந்து கொறஞ்சா அரை நாள் சம்பளந்தான், அதத்தான் அரைப் பேருன்னு சொல்லுவோம். இங்கயும் அதே கணக்குத்தானே. பெட்டி கொறஞ்சா அரைப் பேரு."

"அப்ப சம்பளம் எண்டே கேட்டிருக்கலாமே?"

"அந்த வார்த்தையே வாயில வரக் கூடாதுன்னு சுப்பவைசர் ஐயா சொல்லிட்டாரு. அதான் பேருன்னு கேட்டோம். ஒங்களுக்கு வெளங்கும்னு நெனச்சோம். தமிழ்தானே மிஸ்."

தமிழ்தானே.

யா அல்லாஹ், நான் என்ன வேலை செஞ்சி வெச்சிருக்கேன்! அவ கேட்டது சோறு. நான் அலங்காரம் பண்ணி, என்னோட இங்கிலீசக் காட்டி — சீ. பேருண்டா என்ன எண்டு ஒரு வார்த்தை அவகிட்டத் திருப்பிக் கேட்டா என் மானம் போயிருமா? எல்லாம் வெளங்கினவ மாதிரி நிண்டேனே.

2024 ஒக்டோபர் 30, புதன்

லீவு போட்டேன். ஹுஸைனிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. "தோட்டத்துப் பேச்சு எங்கட ஆக்களுக்கு வெளங்காதுதான்" என்றார். மடவளைக்கும் நாவலப்பிட்டிக்கும் அப்படி என்ன தூரம்? அந்தப் பெண்கள் கட்டிய தேயிலையைத்தானே இந்த வீட்டில் ஊற்றிக் குடிக்கிறோம்.

2024 நவம்பர் 6, புதன்

மெனேஜரிடம் போய் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் முகம் சுருங்கியது. விழா போட்டோக்கள் எல்லாம் வெளியே போய்விட்டன, இனிச் சேர்மனிடமே பேசுங்கள் என்றார். பத்தொன்பதாம் திகதி கண்டிக்கு வருகிறாராம்.

எனக்கு நம்பிக்கை இருக்கிறது. தவறாகச் சொன்னதற்கே அவ்வளவு அன்பாகக் கை கொடுத்த மனிதர், சரியாகச் சொன்னால் மறுப்பாரா? பெட்டி குறைந்த நாளுக்கும் முழுச் சம்பளம், கேட்பது அவ்வளவுதான். அந்த அறிக்கையை எழுத்தெழுத்தாகத் தமிழாக்கியவள் நான். கொடுக்க முடியாது என்று அவரால் எனக்குச் சொல்ல முடியாது.

2024 நவம்பர் 12, செவ்வாய்

கஜலட்சுமியிடம் போனில் பேசினேன். திருத்திச் சொல்லப் போகிறேன் என்றதும், "சொல்லுங்க மிஸ், சொன்னா குடுத்திருவாரு. மொகத்தப் பாத்தாலே தெரியுது" என்றாள். நிலூஷா பின்னால் ஏதோ பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

2024 நவம்பர் 19, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். தேநீர் வந்தது. நான் தயாரித்துக்கொண்டு போன எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது, அவர்கள் கேட்டது பெயரை அல்ல, முழு நாள் சம்பளத்தை என்றேன். அந்தப் பெண்ணின் மகள் தை மாதத்தோடு படிப்பை விட வேண்டிவரும் என்றும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். நல்ல மனிதர்தான் என்று அப்போதும் நினைத்தேன்.

பிறகு அவர் வாயிலிருந்து தமிழ் வந்தது. தோட்டத்துத் தமிழ். "அரைப் பேரு, முழுப் பேரு" என்றார். சிரித்துக்கொண்டே ஆங்கிலத்துக்குத் திரும்பினார். அவருடைய தகப்பன் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய துரையாக இருந்தவராம். அந்தச் சொற்களைக் கேட்டுத்தான் வளர்ந்தாராம்.

அப்படியானால் அன்றே —

"அன்றே விளங்கியது. நீங்கள் சொன்னதைக் கேட்டபோது ஆச்சரியமாக இருந்தது. அழகாக மொழிபெயர்த்தீர்கள். அது அப்படியே இருக்கட்டும்."

இவ்வளவு இலாபம் இருக்கிறதே என்றேன். இலாபம் பங்குதாரர்களுடையது, ஒரு பெக்டரிக்குக் கொடுத்தால் எல்லாத் தோட்டமும் எழுந்து நிற்கும் என்றார். கோபமே படவில்லை. கதவு வரை வந்து வழியனுப்பினார்.

பஸ்ஸில் ஏறவே தோன்றவில்லை. வாவியைச் சுற்றி நடந்தேன். இவ்வளவு நாளும் என் பிழையால்தான் கெட்டது என்று அழுதேனே. பிழையே இல்லாமல் சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. என் பிழையாக இருந்திருந்தால் திருத்தியிருக்கலாம்.

2024 நவம்பர் 21, வியாழன்

கெலிஓயாவுக்குப் போய்க் கஜலட்சுமியிடம் சொன்னேன். பொய் சொல்லலாமா என்று பஸ்ஸில் யோசித்தேன்தான். முடியவில்லை.

பெட்டியின் விளிம்பைப் பசைத்தாளால் ஒட்டிக்கொண்டே கேட்டாள். கை நிற்கவில்லை. நின்றால் பெட்டி குறையும்.

"அப்போ அவருக்கு வெளங்கியிருக்கு."

"ஓம்."

"வெளங்கலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தப்ப நல்லாருந்துச்சு மிஸ்."

என் மேல் கோபமா என்று கேட்டேன். ஒங்க மேல என்னாத்துக்கு மிஸ் என்றாள். அவளுடைய நெஞ்சில் பொன் எழுத்தில் முழுப் பெயர் மின்னிக்கொண்டிருந்தது. அட்டை குத்தாமல் வந்தால் உள்ளே விடுவதில்லையாம்.

2024 டிசம்பர் 6, வெள்ளி

எனக்குச் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து ஊழியர் தொடர்பு உத்தியோகத்தர். கெலிஓயாவில் மொழிபெயர்ப்பும் பெயர் அட்டைகளும் இனி என் பொறுப்பு. நான் கேட்கவே இல்லை.

2024 டிசம்பர் 8, ஞாயிறு

வேண்டாம் என்று சொல்லிவிடவா என்று ஹுஸைனிடம் கேட்டேன். "நீ வாணாமெண்டு சொன்னா அந்தச் சல்லிய அவளுக்கா குடுக்கப் போறாங்க?" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன மனுசி நான்?

2024 டிசம்பர் 23, திங்கள்

புது வருட வாழ்த்துச் செய்தி மொழிபெயர்ப்பு. "அன்பான குடும்பத்தினரே". அதற்கு மேல் ஒரு மணித்தியாலமாக ஒரு வரியும் நகரவில்லை. பிறகு முடித்துக் கொடுத்தேன்.

2025 ஜனவரி 27, திங்கள்

பள்ளிக்கூடங்கள் திறந்த நாள். கெலிஓயா பஸ் முழுக்க வெள்ளைச் சீருடை.

பெக்டரியில் புதிதாகச் சேர வந்தவள் ஒருத்திதான். என் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். போன மாதம் பதினெட்டு முடிந்ததாம். அட்டை அடிக்க முழுப் பெயர் வேண்டும் என்றேன். தாயைத் திரும்பிப் பார்த்தாள். கஜலட்சுமி தலை நிமிராமல் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"பழனியாண்டி நிலூஷா. லூ நெடில் மிஸ்."

பிழையில்லாமல் எழுதிக்கொண்டேன். வேலை பழகும் மூன்று மாதமும், எத்தனை பெட்டி கட்டினாலும், அவளுக்கு அரைப் பேர்.