நிறுத்திய மாத்திரை

மார்ச் 4

நான் மாத்திரையை இரண்டிரண்டாக விழுங்கவில்லை. மகன் உறவுக்காரர்கள் எல்லோரிடமும் விழுங்கியதாகத்தான் சொல்கிறான். ஆஸ்பத்திரி அட்டையிலும் "மறதி, இரட்டை அளவு" என்று எழுதிவிட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாலை ஆறு மணிக்கு ஒரு வேளை. ஒன்பது வருடப் பழக்கம். போன வாரம் மூக்கில் நாற்பது நிமிடம் ரத்தம் நிற்கவில்லை, உண்மை. தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போனதும் உண்மை. மற்றது பொய்.

மார்ச் 5

மகன் வீட்டில் இருக்கிறேன். மாத்திரைப் பெட்டி மருமகளின் அலமாரியில். என் வீட்டுச் சாவி அவன் சட்டைப்பையில். "இனிமே தனியா இருக்க வேணாம்மா, இங்கயே இருந்துடுங்க." நானென்ன, பால் பல் விழாத குழந்தையா?

மார்ச் 6

சாப்பாட்டுத் தட்டை அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 9

என் வீட்டிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துவரச் சொன்னேன். மாதம் பிறக்குமுன் ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் அட்டையில் தேதி எழுதிவிடுவேன். கான்வென்டில் சிஸ்டர் கைக்குட்டைக்குக்கூட எண் தைக்க வைப்பார், அந்தப் புத்தி. காலி மாத்திரை அட்டைகளெல்லாம் அந்த டப்பாவில்தான். மகன் உட்கார்ந்து எண்ணினான். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"அப்ப ஏம்மா இப்படி ஆச்சு?"

இந்த வாரத்தில் அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி.

மார்ச் 11

டப்பாவோடு ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த பெண் நான் எதைத் தின்றேன் என்று கேட்கவில்லை. "சமீபத்துல எதையாவது நிறுத்தினீங்களாம்மா?"

முகநரம்பு வலிக்கு ஆறு வருடம் சாப்பிட்ட மாத்திரை. வலி போய்விட்டதால் நரம்பு மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஜனவரி 28 அன்று நிறுத்தினார்.

அதுதானாம். அந்த மாத்திரை இத்தனை வருடமும் ஈரலை விரட்டி வேலை வாங்கியிருக்கிறது. அந்த வேகத்தில் ஈரல் ரத்த மாத்திரையையும் சீக்கிரம் கரைத்துத் தள்ள, அதற்கு ஈடாக அளவைக் கூட்டித் தந்திருக்கிறார்கள். விரட்டுவது போனதும் ஈரல் மெல்ல ஆசுவாசமானது. அதே அளவு கரையாமல் உடம்பில் சேர்ந்துவிட்டது. பிப்ரவரி முதல் வார ரத்தப் பரிசோதனை சரியாகத்தானே இருந்தது என்றேன்.

"அப்ப ஈரலுக்கு இன்னும் சேதி போகலம்மா."

மார்ச் 12

ஒன்று காலையில், ஒன்று மாலையில். ஒன்றையொன்று பார்த்ததே இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன்!

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். அவர் போன பிறகும் பல வாரம் ஆளில்லாத வீட்டில் கத்தியே பேசினேன். யாரோடு சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பிறகு என் குரல் தானாகத் தணிந்தது. எந்த நாளில் என்று தெரியாது. எனக்குள்ளே ஈரலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. எழுபத்தெட்டு வருடம் கூடவே இருந்தும் அதை எனக்குத் தெரியாது.

என் பிழையும் உண்டு. நிறுத்தியதை, ரத்த மாத்திரை தரும் இதய மருத்துவரிடம் நான் சொல்லவில்லை. விட்டதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மார்ச் 15

காலையில் பிஸ்கட் டப்பாவின் மேல் என் சாவி இருந்தது. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இன்று தபாலில் சேர்த்ததன் நகல்:

இதய மருத்துவர் அவர்களுக்கு, வணக்கம். அட்டையில் "மறதி" என்று இருப்பதை அடித்துவிட்டு, நடந்ததை எழுத வேண்டுகிறேன். முகவலி மாத்திரையை நிறுத்தியதை நான் தெரிவிக்காததையும் அதில் சேர்க்கவும். திருத்தியதை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும். என் வீட்டு முகவரிக்கே அனுப்பவும்.